பட்டா சுத்தம், கட்டத்தான் முடியாது: மாமல்லபுரமா, புதுச்சேரியா?

"கோயில் பக்கத்து மனை சார், விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும்" என்று புரோக்கர் சொன்னால் அதில் பாதிதான் உண்மை. பழைய சின்னம் ஊருக்கு மதிப்பைக் கூட்டும். அதை ஒட்டிய மனைக்கும் கூட்டுமா என்பது வேறு கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மாமல்லபுரத்தையும் புதுச்சேரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஆனால் அங்கே மனை விலையைப் பிடித்து வைத்திருப்பது யுனெஸ்கோ அல்ல, தொல்லியல் சட்டம். 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடம் கிடையாது. அடுத்த 200 மீட்டரில் முறையாக விண்ணப்பித்து அனுமதி வாங்கிக் கட்டலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் பலர் ஏமாறும் இடம் அளவுக் கணக்கு. கோபுரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ டேப் பிடிப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்துதான் அளப்பார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, குன்றின் மேல் மண்டபங்கள் என்று சின்னங்கள் சிதறிக் கிடக்கும் ஊரில் ஒரு வட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியும் கூடவே சேரும்.

வேடிக்கை என்னவென்றால், இது வழக்கமான பத்திரங்களில் தெரியாது. பட்டா விற்பவர் பெயரில் சுத்தமாக இருக்கும். வில்லங்கச் சான்றிதழில் பதிவான கிரயமும் அடமானமும்தான் வரும். சட்டமே போட்ட தடை அதில் ஏறாது. அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பும் தெரு, சர்வே எண் வாரியாகப் போடுவதுதான், கட்ட முடியுமா என்று சொல்வதற்கில்லை. அந்த மதிப்புக்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட்டு, வேலி போட்டு வேடிக்கை பார்க்கும் நிலைமை வரலாம்.

அதே 100 மீட்டர் வட்டத்துக்குள் ஏற்கெனவே நிற்கும் கட்டடம் என்றால் கதை தலைகீழ். 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தை அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம். பக்கத்தில் புதிதாக இன்னொரு கடையோ லாட்ஜோ எழும்ப முடியாது, ஆனால் சுற்றுலாக் கூட்டம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். காலி மனையை முடக்கும் சட்டம் பழைய கடைக்காரருக்குக் காவல்காரன் ஆகிவிடுகிறது. நியாயமா என்று கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புதுச்சேரியில் தனிச் சின்னத்தைச் சுற்றிப் போட்ட வட்டம் அல்ல விஷயம், தெருவே சின்னம். உங்கள் வீட்டின் மதிப்பில் பாதி எதிர்வீட்டு முகப்பில் இருக்கிறது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் ஆசிரமம், அரசு, பிரெஞ்சு நிறுவனங்கள் கையில் நிறையக் கட்டடங்கள் இருப்பதால் விற்பனைக்கு வருவதே குறைவு. அங்கே விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம், அவ்வளவுதான்.

வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக இருக்கும் தமிழர் பகுதிதான் எனக்குச் சுவாரசியம். வைசியாள் வீதியில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் முன்னின்று வீட்டு முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிச் சம்பாதிக்கின்றன. இன்னொரு பக்கம், வீடு ஐந்தாறு பங்காளிகள் பெயரில் கிடக்கும். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். கடைசியில் இடித்து அடுக்குமாடி கட்டுவதே எல்லாருக்கும் சுலபம். செலவும் சும்மா இல்லை: மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் ஒரு உத்திரம் உளுத்தால் மரம், சுண்ணாம்பு, அந்த வேலை தெரிந்த கொத்தனார் என்று எல்லாவற்றையும் தேட வேண்டும். வங்கி மதிப்பீட்டாளரோ கட்டடத்துக்கு வயதுக் கழிவு போட்டு மண்ணுக்கு மட்டும் விலை சொல்வார்.

சரி, பாதுகாப்பு நன்றாகவே பலித்து விலை ஏறினால்? மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுனைப் பாருங்கள். வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போனது, 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. கீழே கடையும் மேலே குடியிருப்புமான பழைய வீடுகள் ஒவ்வொன்றாக ஓட்டலும் காபிக் கடையும் ஆயின. உரிமையாளர்களுக்குக் கொண்டாட்டம், தலைமுறையாக வாடகைக்கு இருந்தவர்கள் பெட்டி கட்டினார்கள்.

என்னைக் கேட்டால், குடியிருக்கப் புதுச்சேரித் தமிழர் பகுதி. ஆனால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் ஒரே நாளில் விழுந்தால் மட்டும். முதலீட்டுக்கு மாமல்லபுரம், அதுவும் 300 மீட்டருக்கு வெளியே. 100 மீட்டருக்குள் காலி மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் தொட மாட்டேன். இடைப்பட்ட 200 மீட்டரில் ஆசை விடவில்லை என்றால், விற்பவர் பெயரிலேயே கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகுதான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வேன். அதற்கு அவர் முகம் சுளித்தால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.