ஐஎம்எஸ்எல்பி இசைத்தாள் நூலகம்: கிளிநொச்சியில் இருந்து பாவித்துப் பார்த்த அனுபவம்

கிளிநொச்சியில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கீபோட் சொல்லிக் கொடுக்கிறேன், ஞாயிறில் தேவாலயத்தில் வாசிக்கிறேன். என்னிடம் இருந்த இசைப் புத்தகங்கள் எல்லாம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன, கடைசிப் பெட்டியைப் புதுக்குடியிருப்பில் வைத்துவிட்டு நடந்தோம். மேலைத்தேய இசைத்தாள் வேண்டுமென்றால் இன்றைக்கும் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அதனால் இந்தத் தளம் எனக்குச் சின்ன விஷயமில்லை.

2006 இல் எட்வர்ட் குவோ என்ற இசை மாணவர் தொடங்கியது. பதிப்புரிமை முடிந்த இசைத்தாள்களை ஸ்கேன் செய்து போடுகிறார்கள், இலவசம். சந்தா கட்டாதவர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் 15 செக்கன் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிடிஎஃப் ஆக இறக்கி, சந்தியில் இருக்கிற கொமினிகேஷனில் பிறின்ட் எடுத்துக் கொள்வேன்.

சரி, சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஐரோப்பாவில் இசையமைப்பாளர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை இருக்கும். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 வருடம். இந்தத் தளத்தின் சேர்வர் இருந்த கனடாவில் அப்போது இறந்து 50 வருடம்தான். இந்த வித்தியாசத்தால்தான் 2007 ஒக்டோபரில் வியன்னாவின் யூனிவர்சல் எடிஷன் பதிப்பகம் வக்கீல் கடிதம் அனுப்பியது. கனடாவில் சட்டப்படி சரியாக இருந்தது, ஐரோப்பாவில் இருப்பவரும் அதை இறக்கலாம் என்பதால் பிரச்சினையானது. தளத்தையே மூடிவிட்டார்கள். 2008 ஜூன் கடைசியில்தான் திரும்ப வந்தது.

இப்போது கோப்புகளில் எந்த நாட்டில் பொதுவுடைமை, அதாவது உரிமை முடிந்து யாரும் பாவிக்கலாம், எங்கே இல்லை என்று குறிப்புப் போடுகிறார்கள். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், கனடா. இலங்கை அதில் இல்லை, அதுதான் என் பெரிய குறை. உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்?

போன மாதம் வகுப்பில் நடந்தது இது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் எழுதிய மைக்ரோகாஸ்மோஸ் என்ற பியானோப் பயிற்சித் தொகுப்பின் முதல் பாகத்தை எடுக்கச் சொன்னேன். 153 துண்டுகள், ஆறு பாகம், தொடக்கத்தில் இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கிற மாதிரி ஐந்து விரலுக்குள் நிற்கும், கீபோட்டுக்குப் புதிதாக வருகிற பிள்ளைக்கு அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை போனைத் தூக்கிக் கொண்டு வந்து, "ரீச்சர், இது அமெரிக்காவில் கூடாதாம், எடுத்தால் பொலிஸ் பிடிக்குமோ?" என்று கேட்டாள். கண்ணில் உண்மையான பயம். இருத்தி வைத்து விளக்கினேன். அது 1940 இல் வெளியானது, அமெரிக்காவில் 2035 முடியும் வரை உரிமை இருக்கிறது. ஆனால் பார்டோக் இறந்தது 1945 இல். எங்கள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இறந்து 70 வருடம் என்றுதான் சொல்கிறது, ஆகவே 2016 இலிருந்து எங்களுக்குத் தடையில்லை. அன்றைக்கே பிறின்ட் எடுத்தாள், முதலாம் இலக்கத்தை இப்போது தாளைப் பார்க்காமலே வாசிக்கிறாள்.

இங்கே இருந்து பாவிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஐரோப்பியக் குறிப்பைப் பாருங்கள், எங்கள் கணக்கும் 70 என்பதால் அநேகமாக அதுதான் எங்களுக்கும் பொருந்தும். கூடவே பதிப்பையும் கவனியுங்கள். மெட்டுப் பழசாக இருந்தாலும் யாராவது அண்மையில் திருத்தி விரல் இலக்கம் போட்டு வெளியிட்டிருந்தால் அதற்குத் தனி உரிமை இருக்கலாம்.

இது எதிர்ப்பக்கமாகவும் வெட்டும். ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ஃபின்லாந்தியா 1899 இல் எழுதியது, அமெரிக்காவில் எப்போதோ பொதுவுடைமை, கனடாவிலும் 2008 இலிருந்து அப்படியே. அவர் 1957 வரை வாழ்ந்ததால் ஐரோப்பாவிலும் எங்கள் 70 வருடக் கணக்கிலும் 2027 கடைசி வரை காத்திருக்க வேண்டும். பொத்தானை அமத்த எனக்கு மனம் வரவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான்.

கனடாவும் 2022 டிசம்பர் 30 இலிருந்து 70 க்கு மாறிவிட்டது. ஏற்கெனவே விடுபட்டவை விடுபட்டவைதான், 1971 இல் இறந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்புகள் அங்கே பொதுவுடைமைதான். 1975 இல் இறந்த ஷோஸ்டகோவிச்சின் இசை இனி 2046 இல்தான் விடுபடும். 20 வருடம் ஒரு கையெழுத்தில் தள்ளிப் போனது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு இணையக் கடையில் முயன்றேன், பெயர் வேண்டாம். விலாசம், கார்ட் இலக்கம் எல்லாம் அடித்த பிறகு 'உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை' என்று வந்தது. வாங்கவும் விடாமல் இலவசமாகவும் தராமல் இருந்தால் வன்னியில் இருக்கிற பிள்ளை எதைப் பார்த்து வாசிப்பது?

கர்நாடக இசைக்காரருக்கும் இந்தக் கணக்கு உண்டு. பாபநாசம் சிவன் 1973 இல் காலமானார். இந்தியாவில் இறந்து 60 வருடம், ஆகவே 2034 இல் விடுபடும். எங்கள் 70 வருடக் கணக்கில் பார்த்தால் 2044. இடையில் இருப்பது பாக்கு நீரிணை மட்டும்தான்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரைப் புள்ளி இலங்கைக்கு ஒரு குறிப்புப் போடும் வரை என்னிடமே இருக்கட்டும். 2028 ஜனவரி 1 சனிக்கிழமை. ஃபின்லாந்தியாவை சிபேலியஸே பியானோவுக்கு எழுதிய வடிவத்தை அன்று காலை இறக்கி, அடுத்த நாள் ஆராதனைக்கு முன் அதன் மெதுவான பகுதியை வாசிக்கப் போகிறேன்.