வெங்கன் மலைக்கோச்சி: ஏற ரயில், இறங்கச் சறுக்கு

சுவிஸுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற எங்கள் ஊர்ப் பெற்றோரை, ஒருநாள் எப்படியும் யுங்ஃப்ராவ் என்ற பனிமலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். அது தப்பாது. போன பெப்ரவரியில் என் முறை வந்தது. கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். எல்லாரும் பனியைப் பார்க்க, நான் கோச்சியைத்தான் பார்த்தேன்.

அடிவாரத்து லவுட்டர்புரூனன் ஸ்டேசனில் மலைக்கோச்சிக்கு மாறி ஏற வேண்டும். தண்டவாளங்களின் அகலம் 800 மில்லிமீற்றர்தான்; எங்கள் யாழ்தேவி ஓடும் பாதையில் பாதிகூட இல்லை. நடுவில் ஏணி மாதிரி ஒரு பற்பாதை. வண்டியின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. இலங்கையில் எங்கள் மலைநாட்டு ரயில் பாதையில் மிகக் கடினமான ஏற்றமே 44 அடிக்கு ஒரு அடிதான். இங்கே சில இடங்களில் 4 அடிக்கு ஒரு அடி! மனுசி என் கையைப் பிடித்தபடியே இருந்தா. ஆனால் ஒரு குலுக்கல் இல்லை, சறுக்கல் இல்லை.

வழியில் வெங்கன் என்ற மலை ஊரில் பெட்டி நிறைந்துவிட்டது. தோளில் ஸ்கீ பலகை, காலில் இரும்பு மாதிரிச் சப்பாத்து, டக் டக்கென்று சத்தம். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெடியன் மேலே எங்களோடு இறங்கி, பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு காணாமல் போனான். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்க, அடுத்த கோச்சியில் அதே தொப்பி திரும்பி வருகிறது! இவனுக்கு இதுதான் வேலையா என்று மருமகனைக் கேட்டேன்.

அவர் சொன்ன கதைதான் எனக்குப் பயணத்தைவிடப் பிடித்தது. 1893இல் இந்தப் பாதையைப் போட்டது கோடையில் மலை பார்க்க வருகிற பயணிகளுக்காக. அந்தக் காலத்தில் சறுக்க ஆசைப்பட்டவன் பலகையோடு தன் காலால்தான் மலை ஏற வேண்டும். பிறகு கோச்சி குளிர்காலத்திலும் ஓடத் தொடங்க, ஏறுகிற பாடு போய்விட்டது. வெங்கனுக்கு வந்த இங்கிலாந்துக்காரர் 1925இல் ஒரு சங்கமே தொடங்கி, அதற்கு ‘டவுன்ஹில் ஒன்லி’ என்று பெயர் வைத்தார்கள். இறக்கம் மட்டும்! ஏற்றத்தைக் கோச்சி பார்த்துக்கொள்ளும். 1930இல் இங்கே தொடங்கிய லவுபர்ஹோர்ன் சறுக்குப் பந்தயத்தில் ஓரிடத்தில் வீரர்கள் இந்தத் தண்டவாளத்துக்குக் கீழே புகுந்துதான் போகிறார்கள்.

வெங்கனுக்குக் கார் போகப் பாதை இல்லை. அரிசி மூட்டையும் கோச்சியில்தான் வர வேண்டும். தண்டவாளம் போனால் ஊருக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. 1990இலிருந்து 2014 வரை கோச்சியே வராத யாழ்ப்பாணத்து ஆளுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் எங்கள் தண்டவாளத்துச் சிலிப்பர்க் கட்டைகள் பங்கருக்குப் போனதைச் சொன்னேன். மருமகன் பேசாமல் யன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் அங்கேயே பிறந்தவர்.

நாங்கள் மேலே இறங்கிய ஸ்டேசன் கிளைன ஷைடெக், 2061 மீற்றர் உயரம். எதிரே ஐகர் மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதற்குள்ளே குடைந்துதான் 1912இல் யுங்ஃப்ராவ்யோகுக்கு, 3454 மீற்றர் உயரத்துக்கு, வேறொரு கோச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். பிறசருக்குக் குளிசை போடுகிறவன், நான் போகவில்லை. ஆகவே அதற்கு நான் புள்ளி போட மாட்டேன். பிள்ளைகள் போய் வரும்வரை வாங்கில் இருந்து, கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் நானும் மனுசியும் சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி இரண்டு தரம் மோந்து பார்த்தா.

பிள்ளைகளின் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் ஷைடெக் வரை போதும்; நல்ல கோச்சிப் பயணம் அதுதான். ஏறும்போது வலப்பக்க யன்னல். என்னைப் போல பாட்டா செருப்போடு போகாதீர்கள், இரண்டு சோடி மேஸ் போட்டாலும் சரிவராது.