மாட்டுக் காசநோய்ப் பரிசோதனை: தொழுவத்துக்கே வந்த மருத்துவர் சேவை

எங்கள் தொழுவத்துக்கு வந்த கால்நடை மருத்துவர், மாடுகளின் கழுத்தில் இரண்டு இடத்தில் முடியை மழித்து, தோலின் தடிமனைக் காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்தபிறகுதான் டியூபர்குலின் என்ற காசநோய்ப் பரிசோதனை ஊசி போட்டார். ஒன்று மாட்டுக் காசநோய்க் கிருமியின் புரதம், மற்றது பறவைக் காசநோய்க் கிருமியுடையது. பறவை வகை எதற்கு என்று கேட்டேன். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் வேறு கிருமிகளாலும் வீக்கம் வரும், இரண்டு வீக்கத்தையும் ஒப்பிட்டால்தான் மாட்டுக் காசநோயா என்பது தெளியும் என்று பொறுமையாக விளக்கினார்.

72 மணி நேரம் கழித்துச் சொன்னபடி வந்து மறுபடி அளந்தார். சும்மா தடவிப் பார்த்து முடிவு சொல்பவர் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை. செவலைப் பசுவின் முடிவு சந்தேகமாக இருந்தது. தனியே கட்டச் சொன்னார். 42 நாள் கழித்து மறுபரிசோதனை. பச்சைப் பால் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் வீட்டுப் பிள்ளைகளையும் விசாரித்தார். அறிக்கை மட்டும் தாமதமாக வந்தது. புது மாடு வாங்குபவர்கள் மந்தையில் சேர்க்கும் முன்பே இவரைக் கூப்பிடுங்கள்.