விடுதி விளம்பரத்தில் 'பண்பாட்டுத் தளம்' என்று பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள்

அமெரிக்காவில் இளங்கலை சேரப் போகிறவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் விடுதி முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் கல்லூரி விடுதியில் தெற்காசிய மாணவர்களுக்கென்று 'பண்பாட்டுத் தளம்' என்று ஒரு தனி மாடி, அதில் பொதுச் சமையலறை, பண்டிகைக் கொண்டாட்டம், கூடவே தங்கி வழிகாட்ட ஒரு சீனியர் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். முதல்முறை வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போகிற எனக்கு அது பெரிய ஆறுதல். சாதாரண அறையைவிட வாடகை அதிகம் என்று தெரிந்தும் அப்பா உடனே கட்டினார்.

போய்ப் பார்த்தால், மாடிக் கதவில் ஒட்டிய ஒரு காகிதம்தான் அந்தத் தளத்துக்கு அடையாளம். அதுவும் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. கேட்டு வந்தவர்கள் என்னோடு சேர்த்து நாலே பேர். மற்றவர்களை இடம் நிரப்ப அனுப்பியிருந்தார்கள், பாவம், அது என்ன தளம் என்றுகூட அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சமையலறை பூட்டிக் கிடந்தது. தீபாவளிக்கு ஒரு அகல் ஏற்றக் கேட்டோம். உள்ளே நெருப்பு கூடாது, சரி, அது எல்லா விடுதியிலும் உள்ள விதி, ஆனால் வெளியே புல்வெளியில் ஓர் இடம் வாங்கித் தரக்கூட பொறுப்பாக ஓர் ஆள் இல்லை.

வேறு இடம் கேட்டுப் போனபோது ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். அதில் ஒரு படுக்கை தருவதாகத்தான் இருந்தது, தளத்தின் பெயர் எங்கேயும் இல்லை. நடுவில் விலகினால் பணமும் திரும்பாது.

இப்படிப்பட்ட விடுதிகள் எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பண்பாட்டுக்கான உஜமா விடுதி 1972 முதல் நடக்கிறது, அமெரிக்கப் பழங்குடி மரபுக்கென்றே கட்டிய அக்வேகோன் விடுதி 1991-இல் திறந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டம் இருப்பதால் இனம் பார்த்து அறை ஒதுக்க முடியாது, யாரும் சேரலாம், அது நல்லதுதான். ஆனால் 'ஏன் இங்கே தங்க விரும்புகிறாய்' என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்விகூட இல்லையென்றால் உஷாராகிவிடுங்கள். தங்கிப் பார்த்துக்கொள்பவர் யார், போன வருஷம் என்னென்ன நடந்தது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். முக்கியமாக, முன்பு அங்கே இருந்த ஒருவரிடம் பேசிவிடுங்கள். நான் அப்படி ஒரு அக்காவைப் பார்த்ததே பிப்ரவரியில்தான். அந்தச் சமையலறை அவர் இருந்த வருஷமும் திறக்கவில்லையாம்.