‘உங்க வீக்னஸ் என்ன?’ – எந்தப் பதில் இரண்டாவது கேள்வியைத் தாங்கும்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். சிப்காட்டில் நேர்காணல் என்று பஸ் ஏறும் பையன்கள் அந்தத் தூரம் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது இரண்டு பதில்கள்தான். ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்பதற்கு ஒன்று, ‘உங்க வீக்னஸ் என்ன’ என்பதற்கு ஒன்று. இரண்டாவதில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்து, ஒருமுறை தப்பித்தவன். இப்போது வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். டிரெய்னி எடுக்கும் நாளில் சூப்பர்வைசர் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்வதால், மேசைக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

‘அப்படி எதுவும் இல்ல சார்’ என்ற பதிலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. யாரும் நம்புவதில்லை.

‘இங்கிலீஷ் சரளமா வராது சார்.’ நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் பதில் இது, பொய்யும் இல்லை. ஆனால் ஓசூரில் மெஷின் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்துதான் ஓடுகின்றன. இங்கிலீஷ் டிராயிங்கிலும் ரிப்போர்ட்டிலும்தான். அதனால் பதில் காதில் விழுந்து அப்படியே போய்விடும். சிலர் அடுத்த கேள்வியை இங்கிலீஷிலேயே போட்டு வேடிக்கை பார்ப்பதும் உண்டு.

மீதி இரண்டு. பலத்துக்கே பலவீனம் என்று பெயர் வைத்துச் சொல்வது ஒன்று. நிஜமான குறையைச் சொல்லி, அதற்கு என்ன செய்கிறோம் என்றும் சொல்வது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

முதல் நேர்காணலில் நானும் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்ததைத்தான் ஒப்பித்தேன். “ஒரு வேலைய எடுத்தா முடிக்காம எந்திரிக்க மாட்டேன் சார், அதான் என் வீக்னஸ்.” எதிரில் இருந்தவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “சரி, கடைசியா அப்படி முடிச்ச வேலை எது?” என்றார். எனக்கு ஞாபகம் வந்தது ஃபைனல் இயர் புராஜெக்ட். அது நாலு பேர் காசு போட்டு வெளியில் செய்து வாங்கியது. எச்சில் முழுங்கியதுதான் மிச்சம்.

எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. ‘உதாரணம் சொல்லுங்க’, ‘அதுக்கு என்ன பண்றீங்க’ என்று ஏதோ ஒரு ரூபத்தில் வந்துவிடும். கடன் வாங்கிய பதிலுக்கு அதற்கு மேல் சரக்கு இருக்காது. சொந்தக் குறைக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை, பட்ட அவமானமே போதும்.

அடுத்த நேர்காணலில் என் அவமானத்தைச் சொன்னேன். பாலிடெக்னிக் லேபில் வெர்னியர் வைத்து அளந்து, கருவியைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் நோட்டில் எழுதுவேன். 24.36 மில்லிமீட்டரை ஒருநாள் 24.63 என்று எழுதிவிட்டேன். லேப் சார் பார்த்த உடனே பிடித்தார்: “0.02 வெர்னியர்ல கடைசி எண் ஒத்தப்படையா எப்படிடா வரும்?” அந்தக் கருவி 0.02 மில்லிமீட்டர் படிகளில்தான் அளக்கும், கடைசி எண் எப்போதும் இரட்டைப்படைதான். அதற்குப் பிறகு கருவியிலிருந்து கையை எடுக்கும் முன்பே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். இதைச் சொன்னதும் கேட்டவர், “எதுல எழுதுவீங்க?” என்றார். சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் புரட்டினார். பேச்சு அதோடு அளவுக் கருவிகள் பக்கம் போய்விட்டது.

குவாலிட்டி வேலைக்குப் போய், எண் மாற்றி எழுதுவேன் என்று சொல்வது தற்கொலை என்று ரூம் நண்பன் திட்டினான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. நோட்டு பையில் இல்லாத நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. வேலைக்கு உயிரான விஷயத்தில் குறை சொல்வதானால், வைத்தியம் கையில் காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். வெறும் உண்மை போதாது. பாலக்கோடு பக்கத்துப் பையன் ஒருவன், “காலைல எந்திரிக்கறது கஷ்டம் சார்” என்றான். ஏ ஷிஃப்ட் ஆறு மணிக்கு. “அதுக்கு என்ன பண்றப்பா?” என்றார் சூப்பர்வைசர். “அம்மா எழுப்பி விடுவாங்க சார்.” “ஓசூர்ல ரூம் எடுத்தா?” பையன் என்னைப் பார்த்தான். நான் பேப்பரைப் பார்த்தேன்.

பலத்தைப் பலவீனமாகச் சொல்லி வேலை வாங்கியவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. இரண்டாவது கேள்வி கேட்காத ஆள் எதிரில் இருந்தால் அது ஓடிவிடும். என்னைத் திட்டிய அதே நண்பன் ‘முடிக்காம எந்திரிக்க மாட்டேன்’ சொல்லித்தான் சேர்ந்தான். ஆள் குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஃபோன் அவனுக்குத்தான் வருகிறது.

நான் சொல்வதெல்லாம் சிப்காட் டிப்ளமோ வேலைகளை வைத்துத்தான். பேங்க் நேர்காணலுக்கு நான் போனதில்லை. பெங்களூர் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மாமா பையன், அங்கே இந்தக் கேள்வியை ஹெச்.ஆர். கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விடுவார், தோண்ட மாட்டார் என்கிறான். அப்படியானால் என் கணக்கு அங்கே செல்லாது.

இப்போது எங்கள் லைனில் டிஜிட்டல் வெர்னியர். எண் தானாகத் திரையில் நிற்கிறது, நான் மாற்றி எழுதிப் பல மாதம் ஆகிறது. அதனால் அடுத்த மாதம் வேறு கம்பெனி நேர்காணலில் பழைய பதிலைச் சொன்னால் அதுவும் ஒப்பிப்பதுதான். புதிதாக ஒன்று இருக்கிறது: சீனியர் ஆபரேட்டர் மெஷினில் பீஸ் தப்பாக வந்தால், ‘அண்ணே, நிறுத்துங்க’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இதற்கு என்ன பண்றீங்க என்று கேட்டால் காட்ட, இதுவரை பையில் ஒன்றும் இல்லை.