விபத்து இழப்பீட்டுக் கால்குலேட்டர்: எவ்வளவு நம்பலாம்?

கார் விபத்தில் காயம்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு தொகையைச் சொன்னதும், பலரும் தேடிப் போவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இழப்பீட்டுக் கால்குலேட்டரைத்தான். இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரே கணக்கு: மருத்துவச் செலவை 1.5 முதல் 5 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி, இழந்த சம்பளத்தைக் கூட்டுவது. செலவு 10,000, பெருக்கும் எண் 3, சம்பள இழப்பு 4,000 என்றால் திரையில் 34,000 வரும். எண்ணை 2 ஆக்கினால் 24,000. அந்த எண்ணைத் தீர்மானிப்பது யார்? பல கால்குலேட்டர்களில் நாமேதான்!

திரையில் வரும் தொகை அப்படியே கைக்கு வராது. விபத்தில் 20 சதவீதத் தவறு காயம்பட்டவர் மேல் என்றால், பல இடங்களின் சட்டப்படி 34,000 என்பது 27,200 ஆகச் சுருங்கும். எதிராளியின் பாலிசி வரம்பு, அதாவது அவருடைய இன்சூரன்ஸ் அதிகபட்சமாகத் தரும் தொகை, 25,000 என்றால் அதற்கு மேல் வசூலிப்பது பெரும்பாடு. வக்கீல் கட்டணமும், சிகிச்சைக்குக் கட்டியதற்காக மருத்துவக் காப்பீடு திருப்பிக் கேட்கும் பணமும் போகக் கையில் நிற்பது இன்னும் குறைவு.

கால்குலேட்டரின் பெரிய ஓட்டை எதிர்காலச் சிகிச்சைதான். கழுத்து, முதுகுக் காயங்களின் முழு அளவு தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். இனி இதற்கு மேல் தேறாது என்று டாக்டர் எழுதித் தரும்வரை நாம் உள்ளிடும் செலவே அரைகுறை. இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தரும் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், பொதுவாக மறுபடி கேட்க வழியில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் சொன்ன தொகை மிகக் குறைவானதா என்று பார்க்க மட்டும் இந்தக் கால்குலேட்டர் உதவும். டாக்டருக்காகக் காத்திருக்கும்போது வழக்குத் தொடுக்கும் காலக்கெடுவைக் குறித்து வையுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக மட்டும் அது நிற்காது.