தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் ‘லைவ்’ எல்பி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1960களின் அமெரிக்க ராக் குழுவான தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் ‘லைவ்’ எல்பியை, “1968 முதல் பதிப்பு, கச்சேரி மேடையிலேயே பதிவானது” என்று சொல்லி ஒருவர் இணையம் வழியாக என்னிடம் விற்றார். இரண்டுமே பொய். முதல் பொய் அவருடையது. இரண்டாவது பொய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் குழுவை வைத்துத் தட்டு போட்ட கம்பெனியே கிளப்பிவிட்டது அது.

தட்டின் விலை பன்னிரண்டாயிரம் ரூபாய், கூரியர் செலவு தனி. விளம்பரத்தில் முன்னட்டையும் லேபிளும் மட்டும்தான் படமாக இருந்தன. பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வரை வழவழப்பாக ஒரு வளையம் இருக்குமே, ரன்-அவுட் என்போம், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். “என்கிட்ட இருபது வருஷமா இருக்கிற தட்டு சார், முதல் பதிப்பு இல்லைன்னா பணத்தைத் திருப்பித் தர்றேன்” என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தார். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

பார்சலைப் பிரித்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. அட்டை மொடமொடவென்று இருந்தது. அத்தனை பழைய உறையில், உள்ளே இருக்கும் தட்டு அழுத்தி அழுத்தி வட்டமாக ஒரு தேய்மானம் விழுந்திருக்கும். இதில் அதன் தடயமே இல்லை. தட்டை மேசை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ரன்-அவுட்டில் ‘மாஸ்டர்ஃபோனிக்ஸ்’ என்ற சொல் பொறித்திருந்தது. அவர்களுடைய தட்டுகளைப் போட்ட கம்பெனியான இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் பெயரில் 1970களின் கடைசியில் வந்த மறுபதிப்புகளின் அடையாளம் அது. படமெடுத்து அனுப்பினேன். “கம்பெனி அதேதானே சார், பாட்டும் அதேதானே, நல்லா ஓடுதில்ல?” என்று பதில் வந்தது. அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

பணத்தைவிட என்னைக் கோபப்படுத்தியது அந்த ‘கச்சேரி மேடை’ பேச்சுதான். அது எப்பேர்ப்பட்ட பொய் என்று தெரிய, அந்தக் குழுவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

1965 கடைசியில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் சேர்ந்தவர்கள் இவர்கள். பாடகர் ராக்கி எரிக்சனுக்கு அப்போது வயது 18. கிட்டார் ஸ்டேசி சதர்லாண்ட், டிரம்ஸ் ஜான் ஐக் வால்ட்டன். பாட்டு எழுதியதோடு எலெக்ட்ரிக் ஜக் வாசித்தவர் டாமி ஹால். இந்த ஜக்கை நம் கடம் மாதிரி தட்டுவதில்லை. ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன் வாயாலேயே குடுகுடுவென்று ஓர் ஒலியை அதற்குள் எழுப்புவார். பாட்டு முழுக்க அந்தக் குடுகுடுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை கேட்பவர்கள் ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். எனக்கு அந்த ஒலி இல்லாமல் இந்தக் குழுவே இல்லை.

‘யூ’ர் கோனா மிஸ் மீ’ என்ற அவர்களுடைய பாட்டு 1966-ல் அமெரிக்கப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 55-ஆம் இடம் வரை போனது. அதே வருடம் சான் ஃபிரான்சிஸ்கோ போய் அவலான் பால்ரூம் என்ற அரங்கில் வாசித்தார்கள். முதல் எல்பி வந்ததும் அந்த வருடம்தான். தலைப்பிலேயே ‘சைகடெலிக்’ (போதை மயக்க அனுபவத்தை இசையில் கொண்டுவருவது) என்ற சொல்லைப் போட்டுக்கொண்ட முதல் சில தட்டுகளில் அது ஒன்று. 1967-ல் வந்த ‘ஈஸ்டர் எவ்ரிவேர்’தான் அவர்களுடைய உச்சம் என்பேன். எட்டு நிமிடம் ஓடும் அதன் முதல் பாட்டை இன்றைக்கும் பாதியில் நிறுத்த எனக்கு மனம் வராது.

ஏறிய வேகத்திலேயே சரிந்தார்கள். மேடையேறும் முன் எல்லோரும் எல்எஸ்டி என்ற போதைப்பொருளை எடுக்க வேண்டும் என்பது டாமியின் பிடிவாதம். வால்ட்டனுக்கு அதில் உடன்பாடில்லை. அவரும் பேஸ் கிட்டார் வாசித்த ரானி லெதர்மனும் 1967-லேயே விலகிவிட்டார்கள். கஞ்சா வழக்குகளால் டெக்சஸ் போலீஸின் கண் எப்போதும் இவர்கள்மேல்தான். 1968-ல் ராக்கியின் மனநலம் குலைந்தது. சான் அன்டோனியோ கண்காட்சி மேடையில் பொருளில்லாமல் பேசத் தொடங்கினார். மருத்துவமனையில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள்.

அந்த 1968-ல்தான் கம்பெனி இந்த ‘லைவ்’ எல்பியை வெளியிட்டது. பாடகரால் ஒழுங்காக மேடையில் நிற்க முடியவில்லை, குழு பாதி கலைந்துவிட்டது, ஆனால் கடைக்கு அனுப்பச் சரக்கு வேண்டும். ஸ்டுடியோவில் ஒதுக்கிவைத்திருந்த பழைய பதிவுகளையும், ஒரே பாட்டை மறுபடி மறுபடி எடுத்ததில் மிஞ்சிய மாற்றுப் பதிவுகளையும் எடுத்து, மேலே கைதட்டலையும் கூச்சலையும் ஒட்டி விற்றார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பாட்டு ஏறினாலும் தணிந்தாலும் கூட்டத்தின் சத்தம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பாட்டின் எதிரொலி சின்ன ஸ்டுடியோ அறையுடையது, கூச்சலின் எதிரொலி பெரிய அரங்கத்துடையது. இரண்டும் கடைசிவரை ஒட்டவே ஒட்டாது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. 1969-ல் ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டுக்காக ராக்கி கைதானார். சிறைக்குப் பயந்து, மனநிலை சரியில்லை என்று வாதாடப் போய், ரஸ்க் நகரில் இருந்த, குற்றவாளிகளுக்கான மனநல மருத்துவமனையில் 1972 வரை அடைபட்டார். கடைசி எல்பியான ‘புல் ஆஃப் த உட்ஸ்’ பெரும்பாலும் ஸ்டேசியின் உழைப்பு. அது 1969-ல் வந்தது. குழு அத்தோடு முடிந்தது. 1978-ல் ஸ்டேசி ஹூஸ்டனில் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். ராக்கி 2019-ல் காலமானார். இப்படிச் சிதைந்துபோன மனிதர்கள் மேடையில் ஜோராக வாசிப்பதாகக் காட்டி ஊரை ஏமாற்றிய தட்டு இது. அதே பொய்யை இன்றைக்கும் ஒருவர் சொல்லிக் காசு பார்க்கிறார்.

சரி, வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? லேபிளில் இருக்கும் ‘ஐஏ எல்பி 8’ என்ற எண்ணைக் காட்டி முதல் பதிப்பு என்று சாதிப்பார்கள். அதை நம்பாதீர்கள், மறுபதிப்பிலும் அதே எண்தான். ரன்-அவுட் படம் இரண்டு பக்கத்துக்கும் கேளுங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்ததாக. ‘மாஸ்டர்ஃபோனிக்ஸ்’ இருந்தால் அது 1960களின் தட்டு இல்லை. அட்டையில் பார்கோடு இருந்தால் பேச்சே வேண்டாம். கடைகளில் பார்கோடு படிக்கத் தொடங்கியதே 1974-ல்தான். ‘சார்லி’ என்ற கம்பெனியின் பெயர் இருந்தாலும் மறுபதிப்புதான். படத்தில் இருக்கும் தட்டும் அனுப்பும் தட்டும் ஒன்றுதானா என்று தெரிய, அன்றைய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி தட்டோடு வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரிகள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கவே மாட்டார்கள். பலர் நாம் கேட்கும் முன்பே அனுப்புவார்கள்.

மறுபதிப்பை மட்டமாகச் சொல்லவில்லை. மறுபதிப்பு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்தக் குழுவைக் கேட்க விரும்பும் புதியவர்கள் ‘லைவ்’ பக்கம் போகவே வேண்டாம். முதல் எல்பியிலும் ‘ஈஸ்டர் எவ்ரிவேர்’-இலும் தொடங்குங்கள். நிஜமான மேடை வாசிப்புதான் வேண்டும் என்றால், 1966-ல் அவலான் பால்ரூமில் எடுத்த பதிவு கிடைக்கிறது. ஒலித்தரம் சுமார்தான், ஆனால் அதில் இருக்கும் கூட்டம் உண்மையான கூட்டம்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. விவகாரம் முடியாததால் அந்த ஆளின் பெயரை இங்கே போடவில்லை. இதே எல்பியை யாராவது ‘முதல் பதிப்பு’ என்று உங்களிடம் விலை பேசினால், பணம் கட்டும் முன் ரன்-அவுட் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.